மேல்மடையைத் திறந்த கை

மே 6, திங்கள்

உமேத் ஒரு பை நிறைய வெள்ளை மல்பெரி கொண்டுவந்தான். ஆபீசில் எல்லோருடைய கீபோர்டும் பிசுபிசுக்கிறது. இன்று நடந்த கோளாறுக்கெல்லாம் அவன் பழத்தின் மீது பழியைப் போட்டுவிடலாம், ஆனால் கெட்டது இணைய லைன்.

மதியத்துக்கு முன் அப்பா கூப்பிட்டார். எங்கள் ஊர் சர்ஜோயில் நேற்று நல்ல மழையாம். மலையிலிருந்து சேறு இறங்கி மேல்மடை வாய்க்காலை அடைத்துவிட்டதாம். "ஆத்துல தண்ணி ஏறினதும் மேல்மடைய முழுசா தொற. சேத்த அடிச்சிக்கிட்டுப் போகட்டும். பாதியில்ல, முழுசா." மகளிடம் பேசுகிற குரல் இல்லை, நீர்க்கட்டியின் குரல். எந்த வயலுக்கு எப்போது தண்ணீர் என்று ஊரில் பங்கிடுவது அவர். மடைகளைத் திறந்து மூட மதகில் உட்கார்ந்திருக்கும் கணினிப் பெட்டிக்கு இங்கே தலைநகர் துஷான்பேயில் இருந்துகொண்டு கட்டளை கொடுப்பது நான். அப்பனும் மகளும் சேர்ந்து ஆற்றையே பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று ஊரில் சொல்லிச் சிரிப்பார்கள்.

டெர்மினலைத் திறந்து, நீர்மட்டம் மேல்கோட்டைத் தொட்டதும் மேல்மடையைத் திற என்று கட்டளையை ஓடவிட்டேன். லைன் அறுந்தது. மறுபடி நுழைந்தேன், மறுபடி ஓடவிட்டேன், மறுபடி அறுந்தது. உமேத் எட்டிப் பார்த்து, "தள்ளு, நான் என் பக்கத்துலேருந்து போட்டுப் பாக்கறேன்" என்று அவன் மேசையிலிருந்தும் ஒரு தடவை முயன்றான்.

எல்லாம் வழக்கம்போல சாகாவரத்தோடுதான். சாகாவரம் என்பது நான் எழுதிய ஒரு குட்டிக் கட்டளை. எதற்கு முன்னால் அதைப் போட்டாலும், லைன் போனாலும் வேலை நிற்காது, விழுந்தாலும் தானே எழுந்துகொள்ளும். குளிர்காலத்தில் லிமிட் என்று சொல்லி நாளில் சில மணி நேரமே மின்சாரம் கொடுக்கிற நாட்டில் வளர்ந்தவர்கள் வேறு எப்படி வேலை செய்வார்கள்? எப்போது இருட்டாகும் என்று தெரியாது. அதனால் எதைத் தொடங்கினாலும், நாம் இல்லாமலும் ஓடுகிற மாதிரி வைத்துவிட்டு எழுந்து போவோம். வெளிநாட்டிலிருந்து பாடம் எடுக்க வந்தவர் இதைப் பார்த்து முழித்தார். ஆபீசில் எல்லோருக்கும் நான்தான் கற்றுக்கொடுத்தேன். அதில் ஒரு பெருமை வேறு.

மாலையில் அப்பா: "தண்ணி ஏறவேயில்ல. ஆள வச்சு சேத்த அள்ளிட்டோம். விட்டுடு."

விட்டுவிட்டேன்.

மே 9

விடுமுறை. தூங்கினேன். அவ்வளவுதான்.

மே 18, சனி

அம்மா போனில் சிரித்துக்கொண்டே சொன்னாள். நம் தெரு வாய்க்காலில் முறையில்லாத நாளில் விடியற்காலை தண்ணீர் ஓடியதாம். பக்கத்து வீட்டு வாத்து நீந்திக்கொண்டு நம் வாசலுக்கே வந்துவிட்டதாம். அப்பா எழுந்து போய்ப் பார்ப்பதற்குள் மேல்மடை தானே மூடிக்கொண்டதாம். காலை முறை மாறும்போது பெட்டி எல்லா மடையையும் ஒருமுறை சரிசெய்யும், அதில் மூடியிருக்கும்.

"யாரோ சக்கரத்தத் திருப்பறானுங்க" என்றாராம் அப்பா. மதகின் கைச்சக்கரத்துக்குப் பூட்டு உண்டு. சாவி அவர் இடுப்பில்தான் தொங்கும். வேறு யார் திருப்ப முடியும்? அம்மா இதைக் கேட்டாளாம், அவருக்குக் கோபம் வந்துவிட்டதாம்.

மே 24, வெள்ளி

அம்மா அழுதாள்.

மலையில் வெயில் ஏறிவிட்டது. பனி உருகி விடியற்காலையில் ஆற்றில் தண்ணீர் ஏறுகிறது. ஏறுகிற நாளெல்லாம் மேல்மடை திறந்துகொள்கிறது. நம் தெருவுக்கு ஓடுகிற தண்ணீர் கீழ்மடையில் குறைகிறது. கடைமடையில் சத்ரிதின் மாமாவின் உருளைக்கிழங்குச் செடி தலை தொங்கிவிட்டது. அவரோடு ஏழெட்டுப் பேர் மண்வெட்டியும் கையுமாக நம் வாசலுக்கு வந்திருக்கிறார்கள். உள்ளே வரச் சொன்னால் வரவில்லை, தேநீரும் வேண்டாம் என்றுவிட்டார்கள். எங்கள் ஊரில் தேநீர் வேண்டாம் என்றால் விஷயம் முற்றிவிட்டது என்று பொருள்.

"ஹைதர், சாவி உன்கிட்ட இருக்கு. தண்ணி உன் தெருவுக்கு ஓடுது. எனக்கு என்ன தோணும், நீயே சொல்லு" என்றாராம் சத்ரிதின் மாமா. சின்ன வயதிலிருந்து இருவரும் ஒன்றாக வளர்ந்தவர்கள்.

பெட்டிதான் கோளாறோ? திங்கள் காலை முதல் வேலையாகப் பார்க்க வேண்டும்.

மே 27, திங்கள்

நான்தான்.

எழுதிப் பார்க்கிறேன், அப்போதாவது தலைக்குள் நிற்கும். காலையில் பெட்டிக்குள் நுழைந்தேன். என் டெர்மினலில் என்ன ஓடுகிறது என்று பார்த்தேன், ஒன்றுமில்லை. நிம்மதியாக மூடப்போனவள், எதற்கும் இருக்கட்டும் என்று பெட்டியில் ஓடுகிற மொத்தத்தையும் பட்டியல் போட்டேன். சயோரா, சயோரா என்று என் பெயரில் இரண்டு வரிகள். மே ஆறாம் தேதி ஓடவிட்டவை. லைன் அறுந்ததும் எனக்கு அது முடிந்துபோன கதை. அவற்றுக்கு முடியவில்லை. யாருமில்லாத டெர்மினலுக்காக, நீர்மட்டம் மேல்கோட்டைத் தொடுமா தொடுமா என்று இன்றுவரை காத்துக்கொண்டிருக்கின்றன. தொடுகிற விடியலில் எல்லாம் அப்பா சொன்னபடி மேல்மடையைத் திறக்கின்றன. பாதியில்ல, முழுசா.

ஒன்றைக் கொன்றேன். திரும்பிப் பார்த்தால் வேறு எண்ணோடு மறுபடி நிற்கிறது. சாகாவரம்! விழுந்தால் எழுப்பிவிடுகிற தாய் ஒன்று மேலே இருக்கிறதே, அதையல்லவா முதலில் முடிக்க வேண்டும்? நானே எழுதியது, எனக்கே மறந்துபோயிற்று. தாயின் எண்ணைத் தேடி எடுப்பதற்குள் லைன் போய்விட்டது.

உமேத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான்.

மே 28

உள்ளே நுழையவே முடியவில்லை. இடமில்லை என்கிறது பெட்டி. ஒரே நேரத்தில் நான்கு பேர்தான் நுழையலாம். அந்த நான்கு பேரும் நான்தான். லைன் அறுந்த ஒவ்வொரு முறையும் நான் எழுந்து போனது பெட்டிக்குத் தெரியவில்லை, என் இடத்தை அப்படியே பிடித்து வைத்திருக்கிறது. நேற்றும் இன்றும் பதறிப்பதறி முயன்றதில் நான்கு இடமும் நிரம்பிவிட்டது. நானே எனக்கு வழியை அடைத்துக்கொண்டு நிற்கிறேன்.

மே 29

இடமில்லை.

மே 30

இடமில்லை. இன்று விடியலிலும் திறந்ததாம்.

ஜூன் 1, சனி

ஆபீசுக்கு விடுமுறைதான், இருந்தும் வந்தேன். ஒரு இடம் காலாவதியாகிக் காலியாகி இருந்தது. நுழைந்தேன். தாயில் ஒன்றைக் கொன்றேன், அதன் பிள்ளையையும் கொன்றேன். இரண்டும் திரும்பி வரவில்லை. அடுத்ததற்குப் போகுமுன் லைன் போயிற்று. மறுபடி இடமில்லை. மேசையில் தலையை வைத்து அழுதேன். இதில் மறைக்க என்ன இருக்கிறது?

உமேத் போனில் சொன்னான்: "அக்கா, பொட்டிய ரீஸ்டார்ட் பண்ணச் சொல்லு. மொத்தமா செத்துடும்."

"யாரைச் சொல்ல? நுழைஞ்சாத்தானே பண்ண?"

"அங்க யாராவது போயி ஒயர உருவட்டும்."

அங்கே யாராவது என்றால் அப்பாதான். திருட்டுப் பழி சுமக்கிற ஆள் போய்ப் பெட்டியின் ஒயரை உருவினால் ஊர் என்ன சொல்லும்? தவிர, மின்சாரம் போனால் பெட்டி இரண்டு மடையையும் இறுக்கி மூடிவிடும். போன வருடம் வேறொரு ஊரில் இங்கிருந்தே ரீஸ்டார்ட் கொடுத்தேன். பெட்டி எழுந்திருக்கவே இல்லை. ஆள் போய்ச் சக்கரத்தைத் திருப்பும்வரை இரண்டு ஊருக்குத் தண்ணீர் கிடையாது. இந்த வெயிலில் சர்ஜோயில் அப்படி நடந்தால் அப்பாவை ஆற்றிலேயே தள்ளிவிடுவார்கள்.

யாராவது பக்கத்தில் போய்க் கேபிளைச் செருகி உட்கார வேண்டும். யாராவது என்ன, நான்தான்.

ஜூன் 3, திங்கள்

அம்மா: வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் ஊர் கூடுகிறது. ரொட்டி கொண்டுவருவார்கள். "என் கையோ என் வீட்டார் கையோ அந்த மடையைத் திறந்திருந்தால் இந்த ரொட்டி என்னை அடிக்கட்டும்" என்று அப்பா சொல்லி, ரொட்டியைக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும். சொல்லிவிட்டால் அதோடு சரி, பிறகு ஒருவரும் ஒரு சொல் பேச மாட்டார்கள். அப்பா சந்தோஷமாக ஒத்துக்கொண்டாராம். அம்மாவும் சந்தோஷமாக இருக்கிறாள். "உங்கப்பா எடுத்து ஒத்திக்கிட்டு வந்துடுவாரு. அவருக்கென்ன பயம்."

என் வீட்டார் கை.

சொல்லாமல் இருந்துவிட்டால் என்ன? அவருக்குத் தெரியாது, தெரியாமல் சொன்னால் பொய்யில்லை. எல்லாம் முடிந்துவிடும். நான் போய்ச் சத்தமில்லாமல் சரிசெய்துவிடலாம். யாருக்கும் ஒரு நஷ்டமுமில்லை.

ரொட்டியைக் கவிழ்த்து வைத்தாலே நிமிர்த்தி வைத்துவிட்டுத்தான் மறுவேலை பார்க்கிற மனிதர் அவர்.

ஜூன் 4

சொல்லிவிட்டேன். முதலில் அவருக்குப் புரியவில்லை.

"லைன் அறுந்துபோச்சுங்கற. அப்ப வேலையும் நிக்கணுமில்ல?"

"நிக்காதபடி நான்தான் வச்சேன்ப்பா."

"எதுக்கு?"

"லிமிட்டுப் பழக்கம்."

போனில் அவருக்குப் பின்னால் ஆடு கத்தியது.

"அப்ப தொறந்தது நம்ம வீட்டுக் கைதான்."

"கை இல்லப்பா அது. கட்டளை. நீங்க சொன்னதத்தான்..."

"உன் பேரு போட்டிருக்கா இல்லையா?"

"போட்டிருக்கு."

வைத்துவிட்டார். நான்கு தடவை திரும்பக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை.

ஜூன் 7, வெள்ளி. சர்ஜோய்

நேற்று ஷேர் காரில் கிளம்பினேன். மலைச் சுரங்கப்பாதையில் ஒரு லாரி நின்று எல்லாம் தாமதமாகி, ஊர் வரும்போது எல்லோரும் எழுந்துவிட்டார்கள். அப்பா முகம் கொடுத்துப் பேசவில்லை. "வந்துட்டியா" என்று மட்டும் கேட்டார், என் பையைப் பார்த்து.

கூட்டம் பள்ளிவாசல் முற்றத்தில். பெண்கள் போக மாட்டார்கள். நான் சுவரோரம் நின்றேன். யாரும் போகச் சொல்லவில்லை. சத்ரிதின் மாமாவே ரொட்டியைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார், அவர் வீட்டில் அன்று காலையில் சுட்டது. அப்பா முன்னால் வைத்தார். மரியாதையாகத்தான் வைத்தார்.

அப்பா ரொட்டியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். கையைத் தூக்கவில்லை. யாரோ செருமினார்கள். "எடு ஹைதர்" என்றார் ஒரு பெரியவர். அப்பா மடியிலிருந்து சாவியை எடுத்து ரொட்டிக்குப் பக்கத்தில் வைத்தார்.

"எடுக்க முடியாது" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

ஒருவரும் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலாம். சத்ரிதின் மாமா தலையைக் குனிந்துகொண்டார். நான் சுவரோரத்திலிருந்து முற்றத்துக்குள் நடந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன் - லைன் அறுந்தது, நான் ஓடவிட்டது நிற்காமல் ஓடியது, அப்பாவுக்கு ஒன்றும் தெரியாது, திறந்தது என் கட்டளை. குரல் கீச்சிட்டது. எவ்வளவு எளிமையாகச் சொல்ல முயன்றேனோ அவ்வளவுக்கு எனக்கே பொய்போலக் கேட்டது. ஊரிலேயே இல்லாத ஒருத்தி ஓடவிட்டு, ஒரு மாதமாக யாருமே தொடாத ஒன்று, தானாக மதகைத் திறந்துகொண்டிருந்ததாம்!

கேட்டார்கள். பொறுமையாக, கடைசிவரை கேட்டார்கள். பிறகு அந்தப் பெரியவர் என்னைப் பார்த்து அன்பாகச் சிரித்தார்.

"அப்பன் பழியத் தன்மேல போட்டுக்கறா. பொண்ணப் பெத்தா இப்படிப் பெக்கணும்" என்றார். "வீட்டுக்குப் போம்மா. உன்மேல யாருக்கும் வருத்தமில்ல."

சாவியை சத்ரிதின் மாமாவிடம் கொடுத்துவிட்டார்கள். இனி அவர்தான் நீர்க்கட்டி.

ஜூன் 8, சனி

மதகுக்கு லேப்டாப்போடு போனேன். புது நீர்க்கட்டி சாவியோடு வந்தார். "என்ன பண்ணணுமோ பண்ணிட்டுப் போ, பொண்ணே" என்றார். கேபிளைச் செருகினேன். பக்கத்தில் உட்கார்ந்தால் எல்லாம் எவ்வளவு சுலபம்! லைனும் இல்லை, இடப் பிரச்சினையும் இல்லை. இடம் பிடித்துக்கொண்டிருந்த செத்த லாகின்கள், மிச்சமிருந்த தாய், அதன் பிள்ளை, எல்லாவற்றையும் முடித்தேன். முடிக்குமுன் அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இதோ பாருங்க மாமா, என் பேரு. தேதி பாருங்க." கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "எனக்கு இதெல்லாம் என்ன தெரியும்" என்றார். நிஜமாகவே தெரியாது. யாருக்குத்தான் தெரியும், அதைச் சாட்சி என்று காட்டுகிறேனே.

எதற்கும் இருக்கட்டும் என்று ரீஸ்டார்ட்டும் செய்தேன். மடைகள் மூடிக்கொண்டன, அவர் சக்கரத்தைத் திருப்பித் திறந்து பிடித்துக்கொண்டார், பெட்டி எழுந்தது. முழங்கைவரை வியர்த்திருந்தது அவருக்கு. போகும்போது ஒரு கை நிறைய ஆப்ரிகாட் பழம் கொடுத்தார், இன்னும் பழுக்காதது. வாங்கிக்கொண்டேன். வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டுமோ?

அப்பா தோட்டத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார், நான் காரில் ஏறும்வரை.

ஜூன் 17

அம்மா போனில் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "இப்பல்லாம் தண்ணி ஒழுங்கா வருதாம். ஆள மாத்தினதும் சரியாயிடுச்சு பாத்தியான்னு பேசிக்கறாங்க."

இதை நான் யோசிக்கவே இல்லை. சரிசெய்தேன். சரிசெய்ததே அப்பா திருடர் என்பதற்கு அத்தாட்சி ஆகிவிட்டது. சரிசெய்யாமல் விட்டிருந்தால் கடைமடை காய்ந்திருக்கும். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்.

அப்பாவிடம் கொடு என்றேன். "வயல்ல இருக்காரு" என்றாள். பின்னால் அவர் இருமல் கேட்டது.

ஜூன் 25

இருக்காராம், வயல்ல.

ஜூலை 3

இன்று ஒரு புது ஊர்ப் பெட்டிக்கு வேலை. பழக்க தோஷத்தில் கட்டளைக்கு முன்னால் சாகாவரம் என்று அடித்துவிட்டேன். அழித்தேன்.

ஜூலை 15, திங்கள்

சத்ரிதின் மாமா கூப்பிட்டார். அவர் என்னைக் கூப்பிட்டதே இல்லை.

உடம்பு எப்படி, வேலை எப்படி, துஷான்பேயில் வெயில் எப்படி என்று வரிசையாகக் கேட்டார். நானும் கிழங்கு எப்படி, ஆப்ரிகாட் காயப்போட்டாச்சா என்று வரிசையாகக் கேட்டேன். பிறகு, "ஒண்ணுமில்ல, சும்மாதான் கேக்கறேன்" என்றார். "அந்தப் பொட்டி... யாரும் தொடாம தானா தொறக்குமா?"

"தொறக்கும் மாமா. இன்னிக்கித் தொறந்துச்சா?"

"சும்மா கேட்டேன்மா."

"யாராச்சும் பாத்தாங்களா?"

"நான் சீக்கிரமே போயிட்டேன். நானே மூடிட்டேன்." "சரிம்மா" என்று வைத்துவிட்டார்.

ஜூலை 16

பெட்டிக்குள் ஒன்றுமில்லை. மூன்று தடவை பார்த்தேன், சுத்தமாக இருக்கிறது. பிறகு எப்படி?

மாலையில்தான் உறைத்தது. அன்று உமேத் தன் பக்கத்திலிருந்து முயன்றானே. அவன் பெட்டிக்குள் நுழையவில்லை, இங்கே ஆபீஸ் சர்வரில் கட்டளையை ஓடவிட்டு அங்கிருந்து பெட்டிக்கு அனுப்பப் பார்த்தான். அதுவும் சாகாவரத்தோடு, ஏனென்றால் அவனுக்குக் கற்றுக்கொடுத்ததும் நான். சர்ஜோயில் போய்ப் புரட்டிப் புரட்டித் தேடினேன், இதுவோ என் காலடியில், பக்கத்து அறையில், ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. தண்ணீர் ஏறியிருந்தால் திற, ஏறியிருந்தால் திற என்று அனுப்பிப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறது. லைன் கெட்டுக் கிடந்ததால் போய்ச் சேரவில்லை. நேற்று விடியலில் லைன் நன்றாக இருந்திருக்கிறது.

உமேத் முகம் வெளுத்துவிட்டது. "அக்கா, சத்தியமா நான் மறந்தே போயிட்டேன். இப்பவே முடிச்சிடவா?"

"தொடாத" என்றேன். சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

இது உயிரோடு இருக்கிறது. அப்பா மதகுப் பக்கமே போவதில்லை, சாவி அவரிடம் இல்லை, இருந்தும் மடை திறக்கிறது. இன்னும் நாலு விடியல் விட்டுவைத்தால் போதும், ஊரே பார்க்கும். மண்வெட்டியோடு சத்ரிதின் மாமா வாசலில் போய் நிற்கும். அவர் முன்னால் ரொட்டி வைப்பார்கள். அப்பாவுக்கு ஒருவரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்காது.

நான் ஒன்றும் செய்ய வேண்டாம். சும்மா இருந்தால் போதும்.

கடைமடையில் கிழங்கு பருக்கிற சமயம். இப்போது ஒரு முறைத் தண்ணீர் தப்பினால் கோலிக்குண்டாகத்தான் கிடைக்கும்.

விட்டுவைக்கவா? ஒரே ஒரு விடியல்?

ஜூலை 17

காலையில் சத்ரிதின் மாமாவைக் கூப்பிட்டேன். "மாமா, ஊர்ல எல்லாரையும் மதகுக்குக் கூட்டிட்டு வாங்க. யாரும் எதையும் தொட வேணாம். நானே இங்கேருந்து தொறக்க வச்சு, மூட வச்சுக் காட்டறேன். அப்பா தொறக்கலைன்னு அவங்களுக்குத் தெரிஞ்சா போதும்."

லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன்.

"வேணாம் பொண்ணே" என்றார். "எல்லாம் அடங்கிப்போச்சு. மறுபடி கிளறாத."

"உங்களுக்குத் தெரியுதில்ல மாமா? நீங்களே பாத்தீங்கல்ல?"

"எனக்கு என்ன தெரியும். நான் கெழங்கு போடறவன்." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இனிமே தொறக்காம பாத்துக்க. அது போதும்."

இவரைத் திட்டித் தீர்க்க வேண்டும் போலிருந்தது. ஆனால் அவருக்கும் பயம். தன் வீட்டில் சுட்ட ரொட்டியைத் தன் கையால் கொண்டுவந்து வைத்தவர் அவர்தானே.

ஆபீஸ் சர்வரில் முதலில் தாய், பிறகு பிள்ளை. பட்டியலை மறுபடி போட்டேன். ஒன்றுமில்லை. நிஜமாகவே ஒன்றுமில்லை. அப்பாவுக்கு இருந்த ஒரே சாட்சியை என் கையாலேயே கொன்றேன். அவரும் இதைத்தான் செய்திருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ஆனால் அவர் செய்தால் அது அவர் பெயர், நான் செய்யும்போதும் அவர் பெயர்தானே போகிறது?

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அப்பாவிடம் சொன்னாளாம். "ம்" என்றாராம்.

ஜூலை 18

சாகாவரத்தை எல்லா மெஷினிலிருந்தும் அழித்தேன். "இனிமே லைன் போனா?" என்றான் உமேத். போனால் போகட்டும், மறுபடி முதலிலிருந்து செய்வோம் என்றேன். அவனுக்குச் சிரிப்பு வந்தது, எனக்கும்.

ஆகஸ்ட் 4

ஊரிலிருந்து காய்ந்த ஆப்ரிகாட் பொட்டலம். ஒவ்வொரு வருடமும் அப்பா கட்டி அனுப்புவார், அவர் முடிச்சைப் பல்லால்தான் அவிழ்க்க வேண்டும். இது சுலபமாக அவிழ்ந்தது. அம்மா கட்டியது.

ஆகஸ்ட் 31, சனி. சர்ஜோய்

சத்ரிதின் மாமாவின் கடைசி மகனுக்குக் கல்யாணம். அப்பா வரமாட்டார் என்று நினைத்தேன். சுத்தமான சட்டை, நாலு மூலைத் தொப்பி, எல்லாம் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தார். நாங்கள் பின்னால். வழியில் சலாம் சொன்னவர்களுக்குப் பதில் சலாம் சொன்னார். அவர்களும் நல்ல மாதிரியாகத்தான் பேசினார்கள், நோயாளியிடம் பேசுகிற மாதிரி.

முற்றத்தில் ஆண்கள் ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம். விரிப்பில் தேநீரும் பழமும் வந்தாயிற்று, ரொட்டி வந்தாயிற்று, யாரும் இன்னும் தொடவில்லை. ரொட்டியை யாராவது ஒருவர் பிட்டு வைத்தால்தான் மற்றவர்கள் கை நீட்டுவார்கள். அதை எங்கள் ஊரில் சும்மா ஒரு ஆளிடம் கொடுப்பதில்லை. அப்பா கடைசியில், செருப்பு விடுகிற இடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

சத்ரிதின் மாமா விரிப்பின் தலைப்பக்கம் இருந்த பெரியவர்களிடம் போகவில்லை. முதல் ரொட்டியை எடுத்துக்கொண்டு விரிப்பைச் சுற்றி நடந்து, கடைசிவரை வந்து, குனிந்து, இரண்டு கையாலும் அப்பா முன்னால் வைத்தார். அங்கேயே மண்டியிட்டு உட்கார்ந்துகொண்டார். ஜூன் மாதம் பள்ளிவாசல் முற்றத்தில் இருந்த எல்லோரும் இங்கேயும் இருந்தார்கள். பேச்செல்லாம் நின்றுபோயிற்று. எங்கள் பக்கத்திலும் நின்றுபோயிற்று. அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள், வலித்தது.

அப்பா அன்று போலவே ரொட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கை மடியிலேயே இருந்தது.

"கையக் கழுவிட்டு வந்துடறேன்" என்றார் கடைசியில்.

வரும்போதே கழுவியிருந்தார், எல்லோரும் பார்த்தார்கள். எழுந்து போனார். மணமகனின் அண்ணன் ஓடிப்போய்ச் செம்பை எடுத்து ஊற்றினான். அப்பா விரல் விரலாகக் கழுவினார். சத்ரிதின் மாமா எழுந்து வந்து தோளில் இருந்த துண்டை நீட்டினார். துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து, ரொட்டியை எடுத்து, பிட்டார். ஒரு துண்டு சத்ரிதின் மாமாவுக்கு. அவர் அதை வாயில் போடாமல் முதலில் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு விரிப்பு முழுக்கக் கைகள் நீண்டன, பேச்சு திரும்ப ஆரம்பித்துவிட்டது, யாரோ பாட்டுப் பெட்டியைச் சத்தமாக வைத்தார்கள்.

கல்யாணச் சோறான ஆஷ் வருவதற்கு முன் ஒரு பெண் எங்கள் பக்கம் வந்து என் கையில் எதையோ வைத்தாள்.

"உங்கப்பா குடுக்கச் சொன்னாரு."

ஒரு துண்டு ரொட்டி. ஓரமாகப் பிட்டது, மொறுமொறுப்பான பாகம், சின்ன வயதில் நான் சண்டை போட்டு வாங்குவேனே அது. நான் முற்றத்தின் அந்தப் பக்கம் பார்த்தேன். அப்பா பக்கத்தில் இருந்தவரிடம் வாய்க்கால் பற்றி ஏதோ பேசிக்கொண்டிருந்தார், திரும்பவில்லை. ரொட்டி ஆறிப்போயிருந்தது. முழுவதையும் தின்றேன்.